வந்துட்டுப் போன பக்கவாதம்: கழுத்து ரத்தக்குழாய் தரும் எச்சரிக்கை



குடும்ப நலப் பிரசுரம் என்றதும் பிள்ளைப்பேறு, தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு பற்றித்தான் இருக்கும் என்று நினைத்து இதைக் கையில் வாங்கியிருப்பீர்கள். இதில் சொல்லப்போவது வேறு ஒரு விஷயம். ஆனால் இதுவும் குடும்ப நலம்தான். சம்பாதித்துப் போடுகிறவர் ஒருநாள் காலையில் கை கால் விழுந்து பாயோடு கிடந்தால் அந்த வீடு என்ன ஆகும்? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற தாய் வாய் கோணி, பேச்சில்லாமல் படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு யார் இருக்கிறார்கள்?

இதைத்தான் பக்கவாதம் என்கிறோம். திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கம் தெலுங்கு பேசுகிற வீடுகளிலும் பட்சவாதம் என்றுதான் சொல்வார்கள். 1960 ஏப்ரல் மாதம் வரைக்கும் நம் திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு எல்லைக்கோடு மாறியது. இந்த வியாதிக்கு இரண்டு பக்கமும் ஒரே பேர், இரண்டு பக்கமும் ஒரே தப்பான விளக்கம். "காத்து அடிச்சிடுச்சு", "வாயு பிடிச்சிடுச்சு", "யாரோ வச்சிட்டாங்க" என்பார்கள். காற்றும் இல்லை, செய்வினையும் இல்லை. மூளைக்குப் போகிற ரத்தம் ஓரிடத்தில் அடைபட்டு நிற்கிறது, அல்லது மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துக் கசிகிறது. அதிகம் பேருக்கு வருவது அடைப்புதான். அந்த அடைப்புக்குப் பல காரணங்கள் உண்டு. அதில் முக்கியமான ஒன்று உங்கள் கழுத்தில், காலரை மடித்துவிட்டால் தொட்டுப் பார்க்கிற தூரத்தில் இருக்கிறது.

கழுத்துக்குள் ஓடும் வாய்க்கால்கள்

இதயத்திலிருந்து மூளைக்கு நாலு குழாய்கள் வழியாக ரத்தம் ஏறுகிறது. கழுத்தின் முன்பக்கம் இடதில் ஒன்று, வலதில் ஒன்று. பின்பக்கம் கழுத்தெலும்பின் துவாரங்களில் நுழைந்து போகிற இரண்டு. முன்பக்கத்துக் குழாய்கள்தான் பெரியவை. மூளைக்குப் போகிற ரத்தத்தில் பெரும் பங்கு அவற்றின் வழியாகத்தான் போகிறது. குரல்வளை மேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு விரலை லேசாக வைத்துப் பாருங்கள், துடிக்கும். அதுதான் அந்தக் குழாய். ஒரு பக்கம் மட்டும் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அழுத்திப் பார்க்கக் கூடாது, வயதானவர்களுக்கு மயக்கம் வந்துவிடும்.

இங்கே ஒரு வார்த்தை. நம் ஊரில் நரம்பையும் நரம்பு என்கிறோம், ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம். "கழுத்து நரம்புல கோளாறு" என்று ஒருவர் சொன்னால் எது என்றே புரிவதில்லை. கழுத்து வலித்து, வாரக்கணக்கில் விரல் மரத்துப் போவது பெரும்பாலும் எலும்புத் தேய்மானத்தால் நரம்பு நசுங்குவது. அது வேறு. நான் சொல்லுவது ரத்தம் ஓடுகிற குழாயைப் பற்றி. அந்தக் குழாய் அடைபட்டால் கழுத்தில் வலி இருக்காது.

குரல்வளை மேட்டுக்குக் கிட்டத்தில் அந்தக் குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போகிறது. இன்னொரு கிளை நேரே மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. ஏரி வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு நிற்பதையும், அங்கேயே வண்டல் படிவதையும் பார்த்திருப்பீர்கள். இந்தக் குழாயிலும் அதே இடத்தில்தான் படிவு சேருகிறது. அதிக ரத்தக் கொதிப்பும், சர்க்கரையும், பீடிப் புகையும் குழாயின் உள்சுவரை முதலில் புண்ணாக்குகின்றன. புண்ணான இடத்தில் கொழுப்பு ஒட்டுகிறது, அதன்மேல் சுண்ணாம்பு சேருகிறது. பத்து இருபது வருஷம் ஓசைப்படாமல் நடக்கிற வேலை இது.

மூளை உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடம்புக்குக் கிடைக்கிற பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் ரத்தம் அதற்கு வேண்டும், நாம் தூங்கும்போதும்கூட. நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பது போல் மூளைக்குச் சேர்த்து வைக்கத் தெரியாது. அன்றாடம் காய்ச்சிதான். ரத்தம் அடியோடு நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பும். நாலைந்து நிமிஷத்தில் மூளை அணுக்கள் சாகத் தொடங்கும்.

அடைப்பு இருந்தும் ஏன் தெரிவதில்லை?

குழாய் பாதி அடைந்திருந்தாலும் மேலே போகிற ரத்தம் அவ்வளவாகக் குறையாது. மூளைக்குள் இருக்கிற சின்னக் குழாய்கள் தாமே விரிந்து கொடுத்து, வருகிற ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். குழாயின் அகலத்தில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் அடைந்த பிறகுதான் ஓட்டம் உண்மையில் குறைய ஆரம்பிக்கும். அதோடு கடவுள் வைத்த இன்னொரு உபாயமும் உண்டு. மூளையின் அடியில் இந்த நாலு குழாய்களும் ஒரு வளையமாக இணைந்திருக்கின்றன. 1664-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் இதை விளக்கி எழுதியதால் வில்லிஸ் வளையம் என்று பேர். ஒரு வாய்க்கால் அடைத்தால் மற்ற வாய்க்காலிலிருந்து தண்ணீர் திருப்பிவிடுகிற ஏற்பாடு இது. இதனால்தான் ஒரு பக்கக் கழுத்துக்குழாய் முழுக்க அடைந்தும் ஒன்றும் தெரியாமல் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த வளையம் எல்லோருக்கும் முழுசாக அமைவதில்லை. சிலருக்கு ஒரு பக்கம் நூல் போல மெலிந்திருக்கும், சிலருக்கு இணைப்பே இருக்காது. உங்களுக்கு எப்படி என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, அடைப்பு எப்படித்தான் கெடுதல் செய்கிறது? இரண்டு வழியில்.

முதல் வழி, அதிகம் பேருக்கு நடப்பது. படிவின் மேல்தோல் வெடித்து அங்கே ரத்தம் உறைகிறது. அந்த உறைவில் ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு மேலே போய் மூளைக்குள் ஒரு சின்னக் குழாயில் சிக்குகிறது. பெரிய வாய்க்காலில் சேர்ந்த ஆகாயத்தாமரையில் ஒரு கொத்து பிய்ந்து போய் வயல் மடையை அடைத்துக்கொள்ளவில்லையா, அதுபோல. துணுக்கு சின்னதாக இருந்தால் சில நிமிஷத்தில் கரைந்துவிடும். பெரிதாக இருந்தால் கரையாது.

இரண்டாவது வழி, குழாய் மிக மிகக் குறுகிப்போனவர்களுக்கு நடப்பது. ஏரியில் தண்ணீர் குறைந்தால் எந்த வயல் முதலில் காயும்? கடைமடை வயல்தான். மூளையிலும் கடைமடை உண்டு. இரண்டு குழாய்களின் பாசனம் முடிகிற எல்லையில் இருக்கிற பகுதி அது. ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கினால், கடும் பேதியில் உடம்பில் நீர் வற்றினால், அந்தக் கடைமடைக்கு ரத்தம் எட்டாது. இதனால்தான் சொல்கிறேன், கொதிப்பு மாத்திரையை "தலை கனக்குது, இன்னிக்கு ரெண்டு போட்டுக்கிறேன்" என்று தானாக ஏற்றக் கூடாது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல், சர்க்கரையும் கொதிப்பும் இருக்கிறவர் நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் 365 படி ஏற வேண்டும் என்று முருகன் கேட்கவில்லை. விரதம் இருப்பது உங்கள் இஷ்டம். அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

வந்துட்டுப் போயிடுச்சு!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அம்மையார்குப்பம் பக்கத்தில் ஒரு விசைத்தறிக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 52. நாளைக்கு ஒரு கட்டுப் பீடி. கொதிப்பு இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார்கள், மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டார். ஒருநாள் சாயந்திரம் திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வலது கையிலிருந்து டம்ளர் நழுவி விழுகிறது.

"இன்னாங்க ஆச்சு?" என்கிறாள் மனைவி.

அவர் ஏதோ சொல்ல வருகிறார், வாய் குழறுகிறது. கை தூக்க வரவில்லை. அந்த அம்மாள் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டைக் கூப்பிடுகிறாள். அவர்கள் வருவதற்குள் பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. அவர் எழுந்து நின்று கையை வீசிக் காட்டுகிறார். "ஒண்ணும் இல்லம்மே. வந்துட்டுப் போயிடுச்சு. கை மரத்துப் போச்சு, அவ்ளோதான். தறி வேலை, மரத்துப் போவாதா?" என்கிறார். அன்று ராத்திரி சாப்பிட்டுப் படுக்கிறார்.

அவருக்கு வந்தது கை மரப்பா? இல்லை. கழுத்துக்குழாயிலிருந்து ஒரு துணுக்கு கிளம்பி, இடது மூளையில் சிக்கி, அதிர்ஷ்டவசமாகக் கரைந்துவிட்டது. டாக்டர்கள் இதை டி.ஐ.ஏ. என்பார்கள், நாம் தற்காலிகப் பக்கவாதம் என்று வைத்துக்கொள்ளலாம். துணுக்கு கரைந்துவிட்டது, ஆனால் அது கிளம்பிய புண் கழுத்தில் அப்படியே இருக்கிறது. அடுத்த துணுக்கு எப்போது கிளம்பும், எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மிகவும் ஆபத்தான காலம் முதல் இரண்டு நாள். பிறகு முதல் இரண்டு வாரம்.

இதில் கணக்கும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்தில் இப்படி வந்துபோனவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2007-இல் வெளியானது. தாமதமாகப் பார்த்து மருந்து ஆரம்பித்த காலத்தில் நூறு பேரில் பத்துப் பேருக்கு மூன்று மாதத்துக்குள் மறுபடி பக்கவாதம் வந்தது. உடனுக்குடன் பார்த்து அப்போதே மருந்து கொடுக்க ஆரம்பித்த பிறகு அது இரண்டு பேராகக் குறைந்தது. பெரும்பாலும் அதே சாதாரண மருந்துகள்தான். சீக்கிரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வந்துபோகிற அறிகுறிகள் எப்படி இருக்கும்? ஒரு பக்கத்துக் கை அல்லது கால் திடீரென்று பலமிழக்கும், மரக்கும். முகம் ஒரு பக்கம் தொங்கும். பேச்சு குழறும், அல்லது வார்த்தை வராது, அல்லது நாம் சொல்வது அவருக்குப் புரியாது. இன்னொன்று, இதைப் பலர் கண் வியாதி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்: ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்குவது போல் பார்வை மறைந்து, சில நிமிஷத்தில் மறுபடி தெரியும். கழுத்துக்குழாயின் முதல் கிளைகளில் ஒன்று கண்ணுக்குப் போகிறது என்பதால் இது நடக்கிறது. ஒரு சின்ன வேடிக்கை பாருங்கள்: இடது கழுத்தில் அடைப்பு என்றால் கண் மறைவது இடது பக்கம், கை கால் விழுவது வலது பக்கம். மூளையிலிருந்து இறங்குகிற நரம்புகள் பக்கம் மாறிப் போகின்றன, கண்ணுக்குப் போகிற ரத்தக்குழாய் மாறுவதில்லை.

பேச்சைப் பற்றி நம் மக்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். உடல்நலம் கெட்டுச் சென்னையில் சேர்க்கப்பட்டபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. அமெரிக்கா போய்ச் சிகிச்சை பெற்று 1985 பிப்ரவரியில் திரும்பினார், 1987-இல் காலமாகும் வரை முதலமைச்சராக இருந்தார். ஆனால் அந்தப் பழைய பேச்சு திரும்பவில்லை. அவருக்கு எங்கே அடைப்பு என்பது நம் பேச்சு இல்லை. மூளையில் கைப்பிடி அளவு இடத்துக்கு ரத்தம் போகாவிட்டால் என்ன பறிபோகும் என்பதற்காகச் சொன்னேன்.

வெறும் தலைசுற்றல், வெறும் தலைவலி, எழுந்து நின்றால் கண் இருட்டுவது இவை மட்டும் இருந்தால் கழுத்துக்குழாய் அடைப்பு என்று பயப்பட வேண்டாம். அவற்றுக்கு வேறு காரணங்கள் அதிகம். ஒரு பக்கம், திடீரென்று என்ற இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடிய பயிரும் கருகிய பயிரும்

வந்தது போகாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது?

தண்ணீர் இல்லாமல் வாடிய பயிர் மறுநாள் மடை திறந்தால் நிமிர்ந்துவிடும். கருகிய பயிர் நிமிராது. மூளையும் அப்படியே. நூறு கிராம் மூளைக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 50 மில்லி ரத்தம் வரவேண்டும். அது 20 மில்லிக்குக் கீழே போனால் அந்த இடம் வேலையை நிறுத்திவிடும், ஆனால் உயிரோடு இருக்கும். 10 மில்லிக்குக் கீழே போனால் கருகிவிடும். ஒரு குழாய் அடைபட்டால் நடுவில் ஒரு துண்டு சீக்கிரமே கருகுகிறது. அதைச் சுற்றிலும் பெரிய பகுதி வாடி நிற்கிறது. அந்த வாடிய பகுதியைக் காப்பாற்றத்தான் இவ்வளவு ஓட்டமும். பெரிய குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் மூளை அணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

உறைவைக் கரைக்கிற ஊசி மருந்து இருக்கிறது. அது நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டிய மருந்து. அதற்கு முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்து, உள்ளே ரத்தம் கசியவில்லை என்று பார்க்க வேண்டும். கசிவு இருக்கிறவருக்கு இந்த ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. சில பேருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் தொடை வழியாகக் கம்பிக்குழாய் விட்டு உறைவை வெளியே இழுத்து எடுக்கிறார்கள். தகுந்தவர்களுக்கு அதை 24 மணி நேரம் வரைக்கும்கூடச் செய்ய முடிகிறது. ஆனால் அந்த 24 மணியைக் கேட்டுவிட்டுக் "காலையில் போகலாம்" என்று இருந்துவிடாதீர்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு மூளை மிச்சம்.

108-க்குக் கூப்பிடுங்கள். "பக்கவாதம் போல இருக்கிறது" என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். ஸ்கேனும் இந்த ஊசியும் அந்த நேரத்தில் எங்கே தயாராக இருக்கிறது என்று கேட்டு, அங்கேயே கொண்டுபோகச் சொல்லுங்கள். சென்னை நமக்கு ஏறக்குறைய 85 கிலோமீட்டர். நடுவில் திருவள்ளூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முதலில் ஒரு ஆஸ்பத்திரி, அங்கிருந்து இன்னொன்று, அப்புறம் மூன்றாவது என்று அலைந்தால் நாலரை மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும்.

அந்த நேரத்தில் வீட்டில் செய்யக் கூடாதவையும் இருக்கின்றன. தண்ணீர், சோடா, காபி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி போயிருந்தால் நேரே நுரையீரலுக்குள் இறங்கும். கொதிப்பு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்காதீர்கள். ஏற்கனவே ரத்தம் எட்டாமல் வாடுகிற இடத்துக்கு அழுத்தத்தையும் இறக்கினால் என்ன ஆகும் என்று மேலே படித்தீர்கள். ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். ஸ்கேன் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். புறா ரத்தம் தேய்ப்பதும், பச்சிலைக்காக எல்லை தாண்டி ஓடுவதும் வேண்டாம். அப்படிப் போனவர்களில் சிலருக்குக் கை கால் திரும்பியதே என்று என்னிடம் கூட்டங்களில் வாதாடுவார்கள். கொஞ்சம் பேருக்குத் தானாகவே திரும்பும், ஐயா. எவ்வளவு திரும்பியிருக்கும் என்பதுதான் கேள்வி.

டாக்டர் என்ன செய்வார்?

வந்துபோனவருக்கும், வந்து பிழைத்தவருக்கும் கழுத்தை டாப்ளர் ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு எடுப்பது போன்ற ஸ்கேன்தான். வலி இல்லை, ஊசி இல்லை. நூற்றுக்கு எத்தனை பங்கு அடைப்பு என்று அதில் தெரியும். நம் நாட்டவர்களுக்குக் கழுத்தைவிட மேலே, மண்டை ஓட்டுக்குள் இருக்கிற குழாய்களில் அடைப்பு வருவதும் வெள்ளைக்காரர்களைவிட அதிகம். அதனால் சிலருக்குத் தலைக்குள்ளும் படம் எடுப்பார்கள். கழுத்தில் ஒன்றுமில்லை என்று வந்தால் "அப்போ ஒண்ணுமில்ல" என்று எழுந்து வந்துவிடாதீர்கள். இதயத் துடிப்புக் கோளாறால் இதயத்திலேயே உறைவு உண்டாகி மேலே போவதும் உண்டு; அதையும் பார்க்க வேண்டும்.

அடைப்பு இருக்கிற எல்லோருக்கும் மருந்து உண்டு. ரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரின் வகை, படிவை அடக்கிவைக்க ஸ்டாடின் வகை, கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் தனித்தனி மாத்திரை. டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது. பெரும்பாலும் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டியிருக்கும். "ஒரு மாசம் சாப்பிட்டேன், நல்லா இருக்கு" என்று நிறுத்தினால், நல்லா இருந்ததற்குக் காரணமே அந்த மாத்திரைதான் என்பதை மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

சிலருக்கு ஆபரேஷனும் வேண்டும். கழுத்தைத் திறந்து குழாயைப் பிளந்து படிவைச் சுரண்டி எடுத்துத் தைப்பார்கள். 1950-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆரம்பித்த முறை இது. இது உண்மையில் பிரயோஜனமா என்று பல காலம் சர்ச்சை இருந்தது. 1991-இல் வட அமெரிக்க ஆய்வு ஒன்று தீர்த்து வைத்தது. ஏற்கனவே அறிகுறி வந்து, 70 பங்குக்கு மேல் அடைப்பு இருந்தவர்களில், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நூற்றுக்கு 26 பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் அந்தப் பக்கத்துப் பக்கவாதம் வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 9 பேருக்கு வந்தது. இன்றைய மருந்துகள் அன்றையதைவிட மேல்தான். இருந்தாலும் இப்படிப்பட்டவர்களுக்கு ஆபரேஷனே சிபாரிசு. அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் முழுப் பலன். சிலருக்குக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற கம்பிவலை வைப்பார்கள். பாதிக்கும் குறைவான அடைப்புக்கு ஆபரேஷன் வேண்டாம். முழுக்க அடைந்துவிட்ட குழாயையும் பொதுவாகத் திறப்பதில்லை. ஆகவே "அவருக்குப் பண்ணினாங்க, இவருக்கு ஏன் பண்ணல?" என்று ஒப்பிட வேண்டாம்.

வீட்டில் பேசி வைக்க வேண்டியது

இது கிழவர்களுக்கு வருகிற வியாதி, பட்டணத்துக்காரர்களுக்கு வருகிற வியாதி என்று நினைக்காதீர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் நம் பக்கத்து வேலூர் வட்டாரத்தில் கணக்கெடுத்து 1970-இல் வெளியிட்டார்கள். லட்சம் பேரில் சுமார் 57 பேர் பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்தவர்கள். அந்தக் காலத்திலேயே அவ்வளவு. அப்போது ஊருக்கு எத்தனை பேரிடம் சர்க்கரை இருந்தது, இப்போது எத்தனை பேரிடம் இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

முப்பது வயதைத் தாண்டிய கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே போய் பி.பி. பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணம் கிடையாது. 140-க்கு 90 என்ற அளவைத் தொட்டால் டாக்டரைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்த அம்மாள் கதவைத் தட்டும்போது "அவர் ஊர்ல இல்ல" என்று சொல்லி அனுப்பாதீர்கள். பீடியையும் வெற்றிலைப் புகையிலையையும் நிறுத்துங்கள். குறைத்துக்கொள்கிறேன் என்பது பேச்சு. உப்பு ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு டீஸ்பூன் அளவுக்குள், அதில் ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் சேர்த்தி.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று. மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பி.பி. பார்க்காமல் தொடரக் கூடாது. கொதிப்பு இருக்கிறவர்கள், கண்ணில் மின்னல் போல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் அந்த வகை மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வருகிற வாய்ப்பு கூடும். கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் காப்பர்-டி, சாயா மாத்திரை என்று வேறு வழி காட்டுவார். கணவர் வாசக்டமி செய்துகொள்வதும் ஒரு வழி. அதைச் சொன்னால் மட்டும் கூட்டத்தில் பின்வரிசை காலியாகிவிடுகிறது.

இன்னொன்று சலூனில் நடப்பது. முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இடம் வலமாகக் "கடக்" என்று சொடக்கு எடுப்பது சிலருக்கு ரொம்பப் பிரியம். அந்தத் திருகலில் கழுத்து ரத்தக்குழாயின் உள்தோல் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, கொழுப்பு ஏதும் இல்லாத இளவயதுக்காரருக்கும் பக்கவாதம் வரலாம். கர்நாடகத்தின் பல்லாரியில் 30 வயது இளைஞர் ஒருவருக்கு அப்படி வந்ததாக 2024-இல் பத்திரிகைகள் எழுதின. கடைக்காரர் மேல் குற்றமில்லை, கேட்கிறோம், அவர் செய்கிறார். "கழுத்து வேணாம்பா" என்று சொல்லிவிடுங்கள், போதும்.

கடைசியாகக் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்யுங்கள். வாய் குழறுகிறவர் தன்னால் முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பார். சிலருக்குத் தன் கை விழுந்ததே தெரியாது. "எனக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார். ஆகவே பார்க்கிறவர் சொல்வதே முடிவு. மாமனார் வரட்டும், பெரிய மகன் சென்னையிலிருந்து போன் பண்ணட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மனைவி சொன்னால் கணவர் கிளம்ப வேண்டும். கணவர் சொன்னால் மனைவி, அடுப்பில் உலை கொதித்தாலும் கிளம்ப வேண்டும். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா? இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று கீழே இறங்குகிறதா? பிள்ளைகளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? தெலுங்கில் பேசுகிறவரைத் தெலுங்கிலேயே கேளுங்கள். இந்த மூன்றில் ஒன்று கோணலாக இருந்தாலும் போதும், உடனே கிளம்புங்கள். நீங்கள் பார்ப்பதற்குள் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார். தூங்கி எழும்போது கை விழுந்திருந்தால் படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற ஆணியில் மாட்டி வையுங்கள்.